பிரிவும் தொடர்புக் கருவிகளும்: தொழில்நுட்பம் மனித இயல்பை மாற்றியதா?

1. முன்னுரை

நவீன தொழில்நுட்பம் மனிதனை மாற்றிவிட்டது என்னும் கூற்று இன்று ஆய்வரங்குகளிலும் பொதுமேடைகளிலும் ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோல் எடுத்துரைக்கப்படுகின்றது. அதனைக் கூறுவோர் இரு திறத்தினர். ஒருசாரார் இம்மாற்றத்தை விடுதலை எனக் கொள்வர். மறுசாரார் வீழ்ச்சி எனக் கொள்வர். மாற்றம் நிகழ்ந்துள்ளது என்பதில் இரு சாராரும் உடன்படுகின்றனர். ஆயின், மாறியது எது, மாறாதிருப்பது எது என்று பகுத்து நோக்கும் முயற்சி இவ்விவாதங்களில் அரிதாகவே காணப்படுகின்றது.

அவ்வாறு பகுத்து நோக்குவதற்கு மூன்று தளங்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, இயல்பு. அன்பு, அச்சம், ஐயம், பொறாமை, பிறரால் நினைக்கப்படவேண்டும் என்னும் விழைவு ஆகிய உள்ளத்தின் அடிப்படை இயக்கங்களை இச்சொல் இங்குக் குறிக்கும். இரண்டாவது, ஒழுகலாறு. அவ்வியக்கங்கள் அன்றாட வாழ்வில் வெளிப்படும் முறை இதுவாகும். மூன்றாவது, கடப்பாடு. ஒருவரிடம் மற்றவர் எதனை உரிமையுடன் எதிர்பார்க்கலாம், எதனைச் செய்யத் தவறினால் அது குற்றமாகக் கருதப்படும் என்பது பற்றிய சமூக உடன்பாட்டை இது சுட்டும்.

கடந்த ஏறத்தாழ 180 ஆண்டுகளில் தோன்றிய தொடர்புக் கருவிகளை எடுத்துக்கொண்டு இம்மூன்று தளங்களிலும் நிகழ்ந்தவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. ஆய்வுக்குரிய களம் பிரிவு. அன்புடையோர் ஒருவரையொருவர் பிரிந்திருக்கும் நிலை தொன்றுதொட்டு வருவது. அதனைக் கடப்பதற்கென்றே இக்கருவிகள் உருவாயின. ஆகவே தொழில்நுட்பம் மனிதனைத் தொட்டதா என்பதை அளந்தறிய இதனினும் பொருத்தமான களம் அரிது. இயல்பு மாறவில்லை, ஒழுகலாறு கண்கூடாக மாறியது, ஆனால் மிக ஆழமாக மாறியதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் கடப்பாடே என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.

2. அகமரபில் பிரிவும் சாக்குச் சொல்லும்

தமிழ் அகமரபு பிரிவை நுணுகி ஆராய்ந்த மரபாகும். அன்பின் ஐந்திணையுள் பாலைக்குப் பிரிதலும், முல்லைக்கு இருத்தலும், நெய்தலுக்கு இரங்கலும் உரிப்பொருள்களாக வகுக்கப்பட்டுள்ளன. அதாவது, ஐந்தில் மூன்று திணைகள் உடனில்லாத ஒருவரை மையமாகக் கொண்டவை. கல்வி, போர், தூது, பொருளீட்டல் முதலியன பிரிவுக்குரிய காரணங்களாகத் தொல்காப்பியத்தில் எண்ணப்படுகின்றன. இன்று ஒரு விமான நிலையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில் நிற்போரிடம் காரணம் கேட்பினும் இப்பட்டியலுக்குப் பெரிதும் புறம்பான விடையைப் பெறுதல் கடினம்.

இவ்வாய்வுக்குக் குறிப்பாகப் பயன்படும் துறை ஒன்று முல்லையில் உண்டு. கார்காலத்தில் மீள்வதாகக் கூறிச் சென்ற தலைவன் வரவில்லை. மழை பெய்கின்றது, கொன்றை பூக்கின்றது. குறித்த பருவம் வந்துவிட்டதென்று தலைவி கலங்குகின்றாள். அப்போது தோழி, இது கார்ப்பருவம் அன்று. காலமறியாது பெய்த மழை. அதனைக் கண்டு மரங்கள் மயங்கிப் பூத்தன என வற்புறுத்துகின்றாள். தோழி கூறுவது உண்மையன்று என்பதைத் தலைவியும் அறிவாள், கேட்போரும் அறிவர். எனினும் அச்சொல் வேண்டப்படுகின்றது. வராதவன்மீது பழி விழாதவாறும், காத்திருப்பவளின் நம்பிக்கை முறியாதவாறும் அது காக்கின்றது.

இங்குத் தோழிக்குக் கைகொடுப்பது தொலைவு. தலைவன் எங்குள்ளான், என் செய்கின்றான் என்பதை அறியும் வழி எவருக்கும் இல்லை. அறியவியலாமை துன்பந்தருவதாயினும், நல்லெண்ணத்துடன் பொருள்கொள்வதற்குரிய இடத்தையும் அதுவே அளிக்கின்றது. பிற்காலத்தில் தொண்ணூற்றாறு வகைச் சிற்றிலக்கியங்களுள் ஒன்றாக வளர்ந்த தூது இலக்கியமும் இவ்விடத்திலேயே வேர்கொண்டது. உமாபதி சிவாசாரியாரின் நெஞ்சுவிடு தூது, பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் அழகர் கிள்ளைவிடு தூது, ஆசிரியர் பெயர் அறியப்படாத தமிழ்விடு தூது ஆகியவற்றில் தூது செல்வன நெஞ்சும் கிளியும் மொழியுமாகும். செய்தி உரியவரைச் சென்று சேருமா என்பது ஐயத்துக்குரியதாக இருந்தமையே இவ்விலக்கிய வகையின் உயிர்நிலை எனலாம்.

3. தந்தியின் வாக்குறுதி

இவ்வறியாமையைப் பெருமளவில் தகர்த்த முதற்கருவி மின்தந்தி. 1844 மே 24 அன்று சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோர் நகருக்குச் செய்தி அனுப்பினார். 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியிற் கிடத்தப்பட்ட கம்பிவழி விக்டோரியா அரசியாரும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனும் வாழ்த்துச் செய்திகளைப் பரிமாறிக் கொண்டனர். நியூயார்க் நகரம் விழாக் கொண்டாடியது. நாடுகள் தடையின்றிப் பேசிக்கொள்ளுமாயின் பகைமையும் தப்பெண்ணமும் ஒழிந்து உலகில் அமைதி நிலவும் என்ற நம்பிக்கை அக்காலத்து எழுத்துகளில் பரவலாக வெளிப்பட்டது.

அக்கம்பி சில வாரங்களில் செயலிழந்தது; நிலையான இணைப்பு 1866இலேயே கைகூடியது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே, 1861இல், தந்திக் கம்பிகள் நெருக்கமாகப் பின்னியிருந்த அமெரிக்காவிலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. குடியரசுத் தலைவர் லிங்கன் போர்த்துறையின் தந்தி அலுவலகத்தில் நெடுநேரம் இருந்து களச் செய்திகளைப் பெற்றும் கட்டளைகளை அனுப்பியும் வந்தார். அமைதியின் தூதாக வரவேற்கப்பட்ட கருவி போரின் நரம்பாயிற்று.

1914 இதனினும் கூரிய சான்றை வழங்குகின்றது. ஜெர்மனியின் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மும் உருசியாவின் பேரரசர் இரண்டாம் நிக்கலசும் உறவினர்கள். ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 1 வரை இருவரும் ஒருவருக்கொருவர் தந்திகள் அனுப்பினர். அவற்றில் செல்லப் பெயர்களால் விளித்துக்கொண்டனர். போரைத் தவிர்க்க வேண்டினர். ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி உருசியாவின்மீது போர் அறிவித்தது. முன்பு தூதர்கள் குதிரையிலும் கப்பலிலும் சென்று மீளும் நாள்கள் சினம் தணியவும் மறுசிந்தனை எழவும் வாய்ப்பளித்தன. அக்கால இடைவெளியைத் தந்தி சுருக்கிவிட்டது என்பதை வரலாற்றறிஞர் ஸ்டீபன் கெர்ன் 1983இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். அச்சமும் ஐயமும் தன்மானமும் முன்பிருந்தவாறே இருந்தன. விரைந்து விடையளிக்கவேண்டும் என்னும் நெருக்கடியே புதிதாக வந்து சேர்ந்தது.

தமிழரைப் பொறுத்தவரை, 1870-71இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றை இணைத்த கடலடிக் கம்பி முதன்மையானது. எனினும் சொல்லுக்குச் சொல் கட்டணம் விதிக்கப்பட்டமையால் தோட்டத் தொழிலாளியின் குடும்பத்திற்கு அது எட்டாப் பொருளாகவே இருந்தது. பிற்காலத்திலும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இறப்புக்கோ கடும் நோய்க்கோ மட்டுமே தந்தியை நாடின. அதன் விளைவாக, தந்திச் சேவகர் வாயிலில் நின்றாலே உறையைப் பிரிக்கும் முன்னர் வீட்டில் அழுகுரல் எழும் நிலை உருவாயிற்று. கருவி ஒன்றே; வணிகனுக்கு அது விலைநிலவரம், எளியவனுக்கு அது சாவோலை. இந்தியாவில் 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது மறைந்தது அச்சேவை மட்டுமன்று. தந்தி வராதவரை அனைவரும் நலம் என்று கொள்ளும் வழக்கும் அதற்கு முன்பே மெல்ல மறைந்திருந்தது.

4. தொலைபேசி: இரு அமெரிக்கச் சான்றுகள்

அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்கு 1876 மார்ச் 7 அன்று தொலைபேசிக்கான காப்புரிமை வழங்கப்பட்டது. அது சமூகத்தை எவ்வாறு மாற்றியது என்னும் வினாவை முறையாக ஆராய்ந்தவர் சமூகவியலாளர் கிளாட் பிஷர். 1940 வரையிலான காலப்பகுதியையும், வட கலிபோர்னியாவின் அந்தியோக், சான் ரஃபேல், பாலோ ஆல்டோ ஆகிய மூன்று ஊர்களையும் எடுத்துக்கொண்ட அவருடைய ஆய்வு 1992இல் நூலாக வெளிவந்தது.

பிஷர் தரும் செய்திகளுள் ஒன்று ஈண்டு மிகவும் பயன்படுவது. தொலைபேசி நிறுவனங்களை நடத்தியோர் பலர் தந்தித் தொழிலிலிருந்து வந்தவர்கள். அவர்கள் அக்கருவியை வணிகத்துக்கும் இல்ல நிருவாகத்துக்கும் உரியதாகவே கருதினர். நலம் விசாரித்தலும் அளவளாவுதலும் கருவியை வீணாக்கும் செயல்களாக அவர்களுக்குத் தோன்றின. மக்களோ, குறிப்பாகப் பெண்களும் நாட்டுப்புறத்தாரும், அளவளாவுவதற்கே அதனைப் பயன்படுத்தினர். பல ஆண்டுகள் கழித்து 1920களின் நடுப்பகுதியிலிருந்தே, உறவினரோடும் நண்பரோடும் உரையாடும் இன்பத்தை நிறுவனங்கள் விளம்பரப்படுத்தத் தொடங்கின. கருவியைச் செய்தோர் வகுத்த நோக்கத்தை மனித இயல்பு வென்று, அதனைத் தன் பழைய தேவைக்கு வளைத்துக்கொண்டது. அமெரிக்கர் தொலைபேசியைக் கொண்டு தங்கள் வாழ்க்கை முறையைப் புதிதாக அமைக்கவில்லை; ஏற்கெனவே வாழ்ந்த முறையை மேலும் விரிவாகவும் வலுவாகவும் தொடர்ந்தனர் என்பது பிஷரின் முடிபு.

பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் சமயக் குழுவினர் மற்றொரு வகையான சான்றாவர். இக்குழுவின் பழமைபேணும் பிரிவினர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டினுள் தொலைபேசி வைப்பதைத் தடைசெய்தனர். ஆயின், தொலைபேசியை முற்றாக ஒதுக்கவில்லை. வயலோரத்திலோ பாதையருகிலோ சிறு குடில் அமைத்து, பல குடும்பங்கள் பொதுவில் பயன்படுத்துமாறு அங்கு அதனை வைத்தனர். மருத்துவரை அழைக்கலாம், வணிகம் பேசலாம். ஒருவர் வீட்டில் உண்டுகொண்டிருக்கும்போது மணி ஒலித்து அவரை எழுப்ப இயலாது. கருவியைச் சில அடிகள் அப்பால் தள்ளி வைத்ததன் மூலம் அவர்கள் விலக்கியது தொடர்பையன்று. அழைத்த கணத்தில் விடையளிக்கவேண்டும் என்னும் கடப்பாட்டையே விலக்கினர். தொழில்நுட்பத்தின் உண்மையான விளைவு எத்தளத்தில் நிகழ்கின்றது என்பதை, தொழில்நுட்பத்தை ஐயத்துடன் நோக்கும் இம்மக்கள் தெளிவாக அறிந்திருந்தனர்.

5. கேரளக் கடற்கரை: சமூகம் மாறியதற்கான சான்று

தொழில்நுட்பம் சமூகத்தில் எதனையும் மாற்றுவதில்லை என்னும் முடிபுக்கு மேற்கூறியவை இட்டுச்செல்லலாகாது. பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க மறுப்பாகும். 1997க்கும் 2001க்கும் இடையே வடகேரளக் கடற்கரையில் கைபேசிச் சேவை பகுதி பகுதியாக அறிமுகமாயிற்று. அதற்கு முன்னர், ஒரு துறையில் வாங்குவோரின்றி மீன் கொட்டப்படும் அதே காலைப்பொழுதில், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றொரு துறையில் மீன் கிடைக்காத நிலை இருந்தது. படகிலிருந்தே விலை விசாரிக்க இயன்றபின் துறைகளுக்கிடையிலான விலை வேறுபாடு பெரிதும் குறைந்தது. மீன் வீணாதல் ஏறத்தாழ நின்றது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது. நுகர்வோர் செலுத்திய விலை 4 விழுக்காடு தாழ்ந்தது. ஒரு கருவி இரு தரப்பினருக்கும் நன்மை செய்தமைக்கு இவ்வாய்வு சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது.

ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரெல்லும் பின்னர் கேரளக் கடற்கரையில் களப்பணி செய்து 2013இல் வெளியிட்ட கட்டுரை இச்சித்திரத்துக்கு மற்றொரு பரிமாணத்தைச் சேர்த்தது. படகின் அளவும் தொழிலின் வகையும் வேறுபடும்போது கைபேசியின் பயனும் வேறுபடுவதை அவர்கள் கண்டனர். மேலும், ஏலம் விடுவோரிடம் கடன்பெற்ற மீனவர், விலை எங்கு மிகுதி என்று அறிந்திருந்தாலும், மீனை எங்கு இறக்குவது என்பதைத் தாமே தன்னுரிமையுடன் முடிவுசெய்ய இயலாத சூழலையும் அவர்கள் சுட்டினர். கைபேசி செய்தியைக் கொண்டுவந்தது. கடனையும் நன்றியையும் நம்பிக்கையையும் அதனால் அழிக்க இயலவில்லை.

இவ்விரு ஆய்வுகளையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். செய்தி இன்மையால் விளைந்த தீங்குகளைத் தொடர்புக் கருவி களைய வல்லது. மனித உறவின் இயல்பினால் விளைந்த கட்டுகளை அது தானாகக் களைவதில்லை.

6. புலம்பெயர் குடும்பங்களில் கடிதமும் அழைப்பும்

புலம்பெயர் குடும்பங்களே இவ்வாய்வின் மையக் களமாகும். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணி முறையிற் சென்ற தொழிலாளர் பலருக்கு எழுத்தறிவில்லை. எழுதத் தெரிந்தவரைக்கொண்டு கடிதம் எழுதுவித்தனர். ஊரிலும் மற்றொருவர் அதனைப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கணவன் மனைவிக்கு உரைக்கும் சொல் இரு அயலார் செவிவழிச் சென்றது. கப்பல் தாமதித்தது எனலாம். எழுதித்தர ஆள் கிடைக்கவில்லை எனலாம். கடிதம் தவறியது எனலாம். ஆறு மாதம் செய்தி வராவிடினும் அதற்கு ஒரு நூறு விளக்கங்கள் இருந்தன. தோழியின் 'பருவமன்று' என்னும் சொல் வேறுவடிவில் தொடர்ந்து வாழ்ந்தது.

1970களிலும் அதன் பின்னரும் வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து ஊருக்கு அனுப்பினர். 1983க்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையாக இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ முதலிய நகரங்களிற் குடியேறினர். 1990களில் அவர்களிடையே தொலைபேசி அட்டை பரவியது. அட்டையைச் சுரண்டி, நீண்ட எண்களை அழுத்தி, மீதமுள்ள நிமிடங்களை அறிவிக்கும் குரலைக் கேட்டுவிட்டுப் பேசத் தொடங்கிய தலைமுறை அது. உலகெங்கும் புலம்பெயர்ந்தோர் வாழ்வில் மலிவான தொலைபேசி அழைப்பு வகித்த இடத்தை ஸ்டீவன் வெர்டோவெக் 2004இல் எழுதிய கட்டுரை விளக்கியது. குடும்பங்களை ஒட்டவைக்கும் பசை என அவர் அதனை உருவகித்தார்.

கட்டணம் ஏறத்தாழ மறைந்துவிட்ட அடுத்த கட்டத்தை மிர்கா மதியானுவும் டேனியல் மில்லரும் 2012இல் வெளியிட்ட நூல் ஆராய்கின்றது. பிரித்தானியாவில் பணிபுரியும் பிலிப்பீன்ஸ் நாட்டுத் தாய்மாரையும், ஊரில் விட்டுவரப்பட்ட அவர்தம் பிள்ளைகளையும் அவர்கள் தனித்தனியே சந்தித்து வினவினர். தாய்மார் பலர் கைபேசியைப் பெரும்பேறாகக் கருதினர்; தொலைவிலிருந்தே தாய்மையை நிறைவேற்ற அது உதவியது என்றனர். பிள்ளைகளின் கூற்றோ ஒருபடித்தாக இல்லை. சிலருக்கு அழைப்பு ஆறுதலாயிற்று. வேறு சிலருக்கு அது கண்காணிப்பாகவும் பூசலாகவும் இருந்தது. நெடுங்காலம் பிரிந்திருந்தமையால் விளைந்த அந்நியத்தன்மையை அழைப்பால் மட்டும் ஈடுசெய்ய இயலவில்லை.

அவ்வாய்வாளர் கண்ட மற்றோர் உண்மை மேலும் முதன்மையானது. பல ஊடகங்கள் மலிவாகக் கைவசமிருக்கும்போது, எதனைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே ஒழுக்கம்சார்ந்த பொருளைப் பெற்றுவிடுகின்றது. குரலாற் கூறவேண்டியதைக் குறுஞ்செய்தியாற் கூறுவது புறக்கணிப்பாகப் படுகின்றது. பணமில்லை, வசதியில்லை என்ற காரணங்கள் விலகிய பின்னர் எஞ்சுவது மனமே. மற்றவர் அதனைக் கொண்டே நம்மை அளக்கின்றனர்.

7. மௌனத்தின் புதிய பொருள்

மேற்கண்ட முடிபை மேலும் ஒரு படி நகர்த்தலாம். ஊடகத்தைத் தேர்தல் பொருளுடையதாயின், எந்த ஊடகத்தையும் நாடாதிருத்தல் அதனினும் பொருளுடையதாகும். முற்காலத்தில் மௌனம் இயற்கை நிலை, செய்தியே நிகழ்ச்சி. இக்காலத்தில் தொடர்பே இயற்கை நிலை; மௌனமே நிகழ்ச்சி. ஒரு நாள் அழைக்காத மகன் ஏதோவொன்றைச் செய்துவிட்டவனாகின்றான்.

2014 நவம்பரில் வாட்ஸ்அப் செயலி, பெறுநர் செய்தியைப் படித்துவிட்டார் என்பதைக் காட்டும் நீலக்குறியை அறிமுகப்படுத்தியது. அதற்கெதிராக எழுந்த முணுமுணுப்பின் விளைவாக, அக்குறியை மறைத்துக்கொள்ளும் வசதியும் விரைவில் அளிக்கப்பட்டது. சிறிய செய்தியாயினும் இது ஆழ்ந்த பொருளுடையது. கடிதம் சேரவில்லை போலும் என்னும் பழைய சாக்கினைத் தொழில்நுட்பம் பறித்தது. மனிதர் அதனைத் திருப்பிக் கேட்டுப் பெற்றனர்.

இன்றைய குடும்பங்களில் தோழியின் பணியைச் செய்வோர் இல்லாமற் போகவில்லை. 'அவனுக்கு இரவு வேலை. உறங்கியிருப்பான்', 'அங்கே இணைப்புச் சரியில்லை', 'போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும்' என்று முதிய தாய்க்கு மருமகளோ பேத்தியோ ஆறுதல் கூறுகின்றனர். கொன்றையின் இடத்தை மின்கலம் பிடித்துக்கொண்டது. சொல்வோரும் கேட்போரும் அச்சொல்லின் தன்மையை அன்றுபோல் இன்றும் அறிவர். வராதவரைக் காக்கும் ஒரு சொல் வேண்டும் என்னும் மனிதத் தேவை மாறவில்லை. அச்சொல்லைக் கூறுவதற்குரிய இடம்தான் குறுகிவிட்டது. தொலைவு தானாகத் தந்த மன்னிப்பை இன்று மனிதர் தம் முயற்சியால் ஒருவருக்கொருவர் வழங்கவேண்டியுள்ளது.

இவ்வாறு குறுகிய இடத்தின் சுமை எவர்மீது விழுகின்றது என்பதும் கருதத்தக்கது. காணொளியில் முகம் காட்டவேண்டிய கடமை, நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு அழைக்கும் கடமை, இறுதிச் சடங்கைத் திரையிற் பார்த்து அழும் கடமை ஆகியன பெரும்பாலும் புலம்பெயர்ந்தோர் தோள்களில் ஏறியுள்ளன. 2020இல் கொரோனாத் தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோது பெற்றோரின் இறுதிச் சடங்கைத் திரைவழிக் கண்டோர் எண்ணற்றோர். சடங்கைக் காண முடிந்தமை ஆறுதலே. ஆயினும் கண்டபின்னும் தோள்கொடுக்க இயலாமை, காணாதிருந்த முன்னோர் அறியாத புதிய துன்பமாகும்.

8. இரு மறுப்புகள்

மனித இயல்பு மாறவே மாறாது என்று இக்கட்டுரை கூறுவதாகக் கொண்டு எழக்கூடிய மறுப்புகளை ஈண்டு எதிர்கொள்ளுதல் தகும்.

முதல் மறுப்பு உயிரியல் சார்ந்தது. தொழில்நுட்பம் மனித உடலையே மாற்றிய வரலாறு உண்டு. கால்நடை வளர்த்துப் பாலை உணவாகக் கொண்ட சமூகங்களில், வளர்ந்த பின்னரும் பாலைச் செரிக்கும் மரபுவழித் திறன் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளிற் பரவியது. இது மறுக்கவியலாத சான்று. எனினும் அம்மாற்றத்துக்குப் பல நூறு தலைமுறைகள் தேவைப்பட்டன. தொலைபேசி தோன்றி ஆறு தலைமுறைகளே கழிந்துள்ளன. திறன்பேசி ஒரு தலைமுறையையும் முழுதாகக் கடக்கவில்லை. ஆகவே இயல்பு மாறாது என்று அறுதியிட்டுக் கூறுவதினும், இக்கருவிகளின் கால அளவில் அது மாறியதற்குச் சான்றில்லை என்று கூறுவதே பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு உறவுகளின் தொகை பற்றியது. சமூக வலைத்தளங்கள் ஒருவருக்கு ஆயிரக்கணக்கான நண்பர்களை அளித்து உறவின் எல்லையையே விரித்துவிட்டன என்பர். மனிதர் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் ஏறத்தாழ 150 என்னும் கருத்தை 1992ஆம் ஆண்டு ஆய்வின்வழி முன்வைத்த ராபின் டன்பார், 2016இல் வலைத்தளப் பயனர்களிடையே நடத்திய ஆய்வில், இடுக்கண் வந்துழி உதவுவர் என அவர்கள் நம்பும் நண்பர் ஏறத்தாழ நால்வரே எனக் கண்டார். 150 என்னும் எண் உறுதியற்றது என ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர் 2021இல் மறுத்துள்ளனர், அம்மறுப்பு வலுவுடையது. எண் எதுவாயினும், தொடர்புகளின் தொகை பெருகியபோதும் நெருக்கத்தின் வட்டம் சிறிதாகவே உள்ளது என்பதை எவரும் தம் துன்பக் காலத்தில் உணரலாம்.

அச்சத்தின் இயல்பும் இவ்வாறே. 2018இல் குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்னும் வதந்தி கைபேசிச் செய்திகள்வழி இந்தியாவெங்கும் பரவியது. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த முதிய பெண்மணி ஒருவர் அவ்வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். அயலாரை ஐயுறும் அச்சம் மிகப் பழையது. அது பரவிய வேகமே புதியது. ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்குமேல் ஒரே முறையில் அனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது. அச்சத்தைத் திருத்த இயலாதபோது வேகத்தையேனும் குறைக்க நேர்ந்தது.

9. விடையற்ற மௌனம்

மௌனம் இன்று தேர்வாகிவிட்டது என்னும் கருத்துக்கு ஒரு கடுமையான விலக்கும் உண்டு. இலங்கையில் உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முடிவுற்றது. அப்போரின்போதும் அதன் முடிவிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கைகளில் ஏந்தியவை புகைப்படங்கள். உலகின் எப்பகுதியில் உள்ளாரோடும் கணப்பொழுதில் பேசக்கூடிய காலத்திலேயே அவர்கள் காத்திருந்தனர்; அவர்களுட் பலர் விடைபெறாமலே மறைந்தனர்.

இம்மௌனத்தைக் கலைப்பதற்குக் கருவி ஏதும் குறைவாக இல்லை. குறைவாயிருப்பது உண்மையைக் கூறவேண்டியோரின் மனம். தொடர்புக் கருவிகள் எங்கும் நிறைந்திருப்பதனாலேயே, இத்தகைய மௌனத்தைத் தொலைவின்மீதோ காலத்தின்மீதோ சுமத்த இயலாது. அது மனிதர் செய்த செயலாகவே நிற்கின்றது. தொழில்நுட்பம் மனிதனின் பொறுப்பைக் குறைப்பதில்லை, மறைக்க இயலாதவாறு வெளிப்படுத்துகின்றது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

10. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துப் பின்வருவன புலனாகின்றன.

இயல்பு என்னும் தளத்தில், கடந்த 180 ஆண்டுகளின் தொடர்புக் கருவிகள் மனிதனை மாற்றியதற்குத் தக்க சான்று இல்லை. அளவளாவும் விழைவு தொலைபேசி நிறுவனங்களின் திட்டத்தை வென்றது. அச்சமும் தன்மானமும் தந்தி அளித்த வாக்குறுதியை வென்றன. கடனும் நன்றியும் கைபேசிக்குப் பின்னும் நிலைத்தன.

ஒழுகலாறு என்னும் தளத்தில் மாற்றம் வெளிப்படை. மீன் வீணாவது குறைந்தது. கடிதம் எழுதித்தருவோர் மறைந்தனர். தாய்மை கடல்கடந்தும் நாள்தோறும் செயற்படுகின்றது.

கடப்பாடு என்னும் தளத்திலேயே மாற்றம் ஆழமானது. செய்தி அனுப்ப இயன்றதனால் அனுப்பவேண்டியதாயிற்று. அறிய இயன்றதனால் அறியாமை குற்றமாயிற்று. எனினும் கடப்பாடுகளைக் கருவிகள் இயற்றுவதில்லை. மனிதரே ஒருவர்மீது ஒருவர் இயற்றுகின்றனர். ஆமிஷ் மக்களின் வயலோரக் குடிலும் நீலக்குறியை மறைக்கும் வசதியும், அவற்றை மீளப் பேசித் தீர்மானிக்க இயலும் என்பதைக் காட்டுகின்றன. அழைப்பு வராத நாளில் உடனே பழிகூறாதிருத்தல், விடையளிக்கச் சற்றுக் காலம் தருதல் ஆகிய சிறு வழக்குகளைப் புலம்பெயர் குடும்பங்கள் தமக்குள் வகுத்துக்கொள்ளுமாயின், தொலைவு முன்பு தந்த நன்மையை அவர்கள் தம் விருப்பத்தால் மீட்டுக்கொண்டவராவர். அதற்குரிய முன்மாதிரியைத் தமிழ் அகமரபு தோழியின் வாயிலாக நெடுங்காலத்துக்கு முன்பே வழங்கியுள்ளது.